இரண்டு தொலைதூர விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

இணையத்தில் இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டினால் ஒரு தூரமும் ஒரு நேரமும் வந்து விழும். அடுத்த தளத்தில் தட்டினால் வேறு எண்கள், டிக்கெட்டைப் பார்த்தால் அதில் மூன்றாவதாக ஒன்று. எது சரி என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: தூரத்தை ஒரு வேகத்தால் வகுத்துவிட்டு, வந்த விடையைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அது பொருந்தாது. பொருந்தாததற்குக் காரணம் கணக்கு தெரியாதது இல்லை, வரிசை மாறியதுதான். கீழே உள்ள வரிசையில் போனால் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இருபது நிமிட வித்தியாசத்துக்குள் ஒரு மதிப்பீடு பெரும்பாலும் கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு டோக்கியோ நரீட்டாவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் எடுத்துக்கொள்கிறேன். பசிபிக் பெருங்கடல், கடந்தால் தேதி மாறும் தேதிக்கோடு, பலமான மேல்காற்று என்று தவறு நடக்கக்கூடிய எல்லாமே இந்த ஒரு வழியில் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடு, அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை, பயணத் தேதி, எந்த வகை விமானம் என்ற தகவல். சைன், கோசைன் போடத் தெரிந்த ஒரு கால்குலேட்டர், அல்லது விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்). அவ்வளவுதான்.

தேதி எதற்கு என்று பலர் கேட்பார்கள். இரண்டு காரணங்கள். காற்று பருவத்துக்குப் பருவம் மாறும், சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேர மாற்றமும் தேதியைப் பொறுத்தது. "ஜனவரியில் போனபோது இத்தனை மணி நேரம் ஆனது" என்ற தகவலை வைத்து ஜூலைக்குத் திட்டம் போட்டால் இரண்டு பக்கமும் இடிக்கும்.

2. எந்த நேரத்தைக் கேட்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எவ்வளவு நேரம் ஆகும்" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து மறுபக்கம் சக்கரம் தரையைத் தொடும் வரை ஒன்று, இது பறக்கும் நேரம். பயணிகள் ஏறும் வாயிலை (கேட்) விட்டு விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து மறுமுனையில் வாயிலில் வந்து நிற்கும் வரை இன்னொன்று. விமானத் துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள், டிக்கெட்டிலும் கால அட்டவணையிலும் இருப்பது இதுதான். மூன்றாவது, இடையில் மாறிச் செல்லும் காத்திருப்பையும் சேர்த்த மொத்தப் பயண நேரம்.

தளங்களுக்குள் முரண்பாடு வருவதில் பாதி இதனால்தான். ஒன்று பறக்கும் நேரத்தைக் காட்டும், இன்னொன்று பிளாக் டைமைக் காட்டும், எதைக் காட்டுகிறோம் என்று இரண்டுமே சொல்லாது. இந்த வழிகாட்டியில் நாம் பிளாக் டைமை நோக்கிப் போகிறோம். உங்கள் திட்டத்துக்கு உதவுவது அதுதான்.

3. ஊரை விட்டுவிட்டு விமான நிலையத்தைப் பிடியுங்கள்

லண்டன் என்று எழுதினால் ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா? டோக்கியோ என்றால் நரீட்டாவா, ஹனேடாவா? தொலைதூரக் கணக்கில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் பெரிய விஷயம் இல்லை என்று தோன்றும், தூரத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தால் அதே அறுபது கிலோமீட்டர் உங்கள் பயணத்தில் பல மணி நேரத்தைத் தின்றுவிடும்.

இதைவிட மோசமானது பெயர்க் குழப்பம். கலிபோர்னியாவில் ஒரு சான் ஹோசே, கோஸ்டா ரிக்காவில் ஒரு சான் ஹோசே. முதலாவதன் குறியீடு எஸ்ஜேசி, இரண்டாவது எஸ்ஜேஓ. ஆஸ்திரேலியாவின் சிட்னி தவிர கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி உண்டு. பர்மிங்காம் இங்கிலாந்திலும் இருக்கிறது, அமெரிக்காவின் அலபாமாவிலும் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் தட்டினால் தளம் தன் விருப்பத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டதையும் சொல்லாது. அதனால் எப்போதும் மூன்றெழுத்துக் குறியீட்டையே தட்டுங்கள். எல்ஓஎன், என்ஒய்சி, டிஒய்ஓ போன்றவை மொத்த நகரத்துக்கான குறியீடுகள், அவையும் நம் கணக்குக்கு ஆகாது.

4. அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியான வடிவத்தில் எழுதுங்கள்

நரீட்டா: 35.76 வடக்கு, 140.39 கிழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ்: 33.94 வடக்கு, 118.41 மேற்கு. வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி, தெற்கும் மேற்கும் கழித்தல் குறி. ஆகவே லாஸ் ஏஞ்சல்ஸின் தீர்க்கரேகை −118.41.

இந்தக் கழித்தல் குறியை விட்டுவிடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. விட்டால் என்ன ஆகும் தெரியுமா? 33.94 வடக்கு, 118.41 கிழக்கு என்ற இடம் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் இருக்கிறது. தூரம் சுமார் 2,010 கி.மீ. என்று வரும். கால்குலேட்டர் எந்த எச்சரிக்கையும் தராமல் அழகாக ஒரு தப்பான விடையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

இரண்டாவது தவறு இன்னும் நைசானது. நரீட்டாவின் அட்சரேகை சில இடங்களில் 35 டிகிரி 45 நிமிடம் 53 விநாடி என்று எழுதியிருக்கும். அதை அப்படியே 35.4553 என்று தட்டிவிடுவார்கள். நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3600 ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும்: 35 + 45/60 + 53/3600, விடை 35.7647. மாற்றாமல் விட்டால் விமான நிலையம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். தொலைதூரக் கணக்கில் விடை கிட்டத்தட்டச் சரியாகவே தெரிவதால் இந்தத் தவறு கண்ணில் படாமலே தங்கிவிடும்.

5. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளக்காதீர்கள், நாம் வழக்கமாகப் பார்க்கும் உலக வரைபடம் துருவத்தை நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும்.

சூத்திரம் இது:

கோசைன்(கோணம்) = சைன்(அட்ச1) × சைன்(அட்ச2) + கோசைன்(அட்ச1) × கோசைன்(அட்ச2) × கோசைன்(தீர்க்கரேகை வித்தியாசம்)

நம் எண்களைப் போட்டுப் பார்ப்போம். தீர்க்கரேகை வித்தியாசம் 140.39 − (−118.41) = 258.80. இது 180ஐத் தாண்டுகிறது என்றால் நீங்கள் உலகத்தைத் தப்பான பக்கமாகச் சுற்றுகிறீர்கள் என்று அர்த்தம், 360இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்: 101.20. கோசைன் இரண்டுக்கும் ஒரே விடைதான் தரும், அதனால் இந்தச் சூத்திரத்தில் கழிக்காவிட்டாலும் பழுதில்லை. ஆனாலும் கழிக்கும் பழக்கம் நல்லது, தேதிக்கோட்டைத் தாண்டுகிறோம் என்பதை அது அப்போதே சொல்லிவிடுகிறது.

சைன் பகுதி: 0.5844 × 0.5583 = 0.3263.
கோசைன் பகுதி: 0.8115 × 0.8296 × (−0.1942) = −0.1308 அளவில் வரும்.
கூட்டினால் 0.1955.

இதன் நேர்மாறு கோசைன் 78.73 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ., ஆக சுமார் 8,754 கி.மீ. கடல் மைலில் வேண்டுமானால் இன்னும் எளிது, ஒரு டிகிரி என்பது 60 கடல் மைல்: 78.73 × 60 = 4,724.

விரிதாளில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே சைன், கோசைன் எல்லாம் ரேடியனில்தான் (டிகிரி போலக் கோணத்துக்கு இன்னொரு அலகு) எண் கேட்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் வரும் விடைக்கும் உலகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. முதலில் ரேடியனாக மாற்றுங்கள், கடைசியில் கோணம் ரேடியனிலேயே வரும், அதை 6,371ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். இரண்டு வழியையும் பாதிப் பாதி கலக்காதீர்கள்.

பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. நிலநடுக்கோட்டில் ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவத்தில் சுமார் 6,357. இந்தத் தட்டையையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகள் நம் வழிக்கு ஏறக்குறைய 8,770 கி.மீ. என்று காட்டும். வித்தியாசம் 20 கி.மீ. அளவு, பறக்கும் நேரத்தில் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. இதற்காகக் கடினமான சூத்திரத்தைத் தேடி அலைவது வீண் வேலை என்பது என் கருத்து. விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறதே, அதனால் தூரம் கூடுமே என்று சிலர் கேட்பார்கள். கூடும், 0.17 சதவீதம். விட்டுவிடுங்கள்.

6. விடையைச் சோதிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

உலகில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் சுமார் 20,020 கி.மீ.க்கு மேல் இருக்கவே முடியாது, ஏனென்றால் அது பூமியின் சுற்றளவில் பாதி. அதைத் தாண்டிய எண் வந்தால் எங்கோ பிசகு.

அப்புறம் ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நரீட்டாவும் லாஸ் ஏஞ்சல்ஸும் 36 டிகிரி அட்சத்துக்குக் கீழேதான் இருக்கின்றன, ஆனால் நூல் நடுவழியில் கிட்டத்தட்ட 48 டிகிரி வடக்கு வரை ஏறும், அலூஷியன் தீவுகளுக்குச் சற்றுத் தெற்கே போகும். "நேராகக் கிழக்கே போனால் என்ன" என்று தோன்றலாம். அதே அட்சரேகையிலேயே கிழக்கு நோக்கிப் போனால் தூரம் சுமார் 9,230 கி.மீ. ஆகிறது, ஏறக்குறைய 480 கி.மீ. அதிகம். விமானத் திரையில் வளைந்து தெரியும் அந்தக் கோட்டைப் பார்த்து விமானி சுற்றிப் போகிறார் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள்.

அலகுகளையும் இந்த இடத்திலேயே சரிபாருங்கள். 1 கடல் மைல் 1.852 கி.மீ., சாலை மைல் 1.609 கி.மீ. இரண்டையும் மைல் என்றே எழுதிவைக்கும் தளங்கள் இருக்கின்றன. மாற்றிப் படித்தால் 15 சதவீதம் பிழை, நம் வழியில் அது ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

7. பெருவட்டத்திலிருந்து உண்மையான பாதைக்கு

எந்த விமானமும் பெருவட்டத்தின் மேல் கோடு கிழித்தாற்போல் பறப்பதில்லை. கிளம்பும்போது காற்றின் திசைக்கு ஏற்ற ஓடுபாதையில் ஏறி, வகுத்து வைத்த வழியில் திரும்பி வெளியே வர வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. இடையில் வான்வழித் தடங்கள், ராணுவப் பகுதிகள், புயல் மேகங்கள். சாதாரணமான ஒரு நீண்ட வழிக்கு நான் பெருவட்டத்தோடு 2 முதல் 5 சதவீதம் வரை கூட்டிக்கொள்வேன், ஒன்றும் தெரியாதபோது 3. நம் வழியில் 8,770உடன் 3 சதவீதம் கூட்டினால் சுமார் 9,030 கி.மீ.

இந்தச் சதவீதம் உடைந்துபோகும் இடங்கள் இரண்டு உண்டு, கட்டாயம் பாருங்கள்.

முதலாவது, மூடிய வான்வெளி. 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி இல்லை. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டம் 7,800 கி.மீ. அளவுதான், முன்பு ஒன்பதரை மணி நேர வழி. இப்போது வட துருவப் பக்கமாகவோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிப் போக வேண்டியிருப்பதால் 13 மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. 3 சதவீதக் கணக்கு இங்கே சிரிப்பாய்ச் சிரிக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள், தடை விமானத்தின் பதிவு நாட்டைப் பொறுத்தது, அதனால் அதே ஐரோப்பா–கிழக்கு ஆசியா வழியில் ஒரு சீன நிறுவனத்தின் விமானம் குறுக்கே நேராகப் போய் இரண்டு மணி நேரம் முன்னதாகச் சேரக்கூடும். ஆகவே எந்த நிறுவனம் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பாதையைத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆளில்லாப் பெருங்கடல். இரண்டு இன்ஜின் விமானம் ஒரு இன்ஜின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடிய எல்லைக்குள்தான் பறக்கலாம். சிட்னியிலிருந்து சாண்டியாகோவுக்குப் பெருவட்டம் ஏறக்குறைய 62 டிகிரி தெற்கு வரை இறங்குகிறது, அண்டார்டிகாவின் வாசல். அங்கே அவசரத்துக்கு இறங்க ஒன்றும் இல்லை. அந்த நேர எல்லை விமானத்துக்கு விமானம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பாதையும் வடக்கே நகரும், நீளும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் அதே விமான எண்ணின் சில நாள் பழைய பாதைகளைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், அன்றைக்கு எங்காவது புயல் இருந்திருக்கலாம்.

8. வேகம்: எந்த வேகம்?

நீண்ட தூர விமானங்களான போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை மாக் 0.85 அளவில் பறக்கும். ஏ320, 737 வகைகள் மாக் 0.78 அளவு. மாக் என்பது ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட விகிதம், இங்கேதான் ஒரு பொறி. ஒலியின் வேகம் மணிக்கு 1,225 கி.மீ. என்று பள்ளியில் படித்ததை 0.85ஆல் பெருக்கி 1,041 என்று எழுதுவார்கள். அந்த 1,225 கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில். விமானம் பறக்கும் உயரத்தில் வெப்பம் −56 டிகிரியை ஒட்டி இருக்கும், குளிரில் ஒலி மெதுவாகப் போகும், சுமார் 1,060. அதில் 0.85 என்றால் 900 கி.மீ. மாக் 0.78 என்றால் 830க்குக் கொஞ்சம் குறைவு.

ஆக நம் வழிக்குக் காற்றே இல்லாவிட்டால் 9,030 ÷ 900 = 10.03, அதாவது பத்து மணி இரண்டு நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போவதில்லை, அந்த இழப்புக்கு 15 நிமிடம் கூட்டுங்கள். மொத்தம் சுமார் 10 மணி 17 நிமிடம், இது காற்றில்லா நாளின் பறக்கும் நேரம். இந்த 15 நிமிடம் குறுகிய வழியானாலும் நீண்ட வழியானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் ஒரு மணி நேர விமானத்தின் சராசரி வேகத்தை எடுத்து நீண்ட வழிக்குப் போட்டால் கணக்கு உதைக்கிறது.

9. காற்றை இரண்டு திசைக்கும் தனித்தனியாகப் போடுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற படிகளைச் சரியாகச் செய்திருந்தால், அவற்றில் மிஞ்சும் சிறு பிழைகளைவிடக் காற்றை மறந்த பிழைதான் பெரிது.

இரண்டு அரைக்கோளங்களிலும் நடு அட்சங்களுக்கு மேலே, 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலமான காற்று ஓடுகிறது, மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடுதான் அதற்கு எரிபொருள். குளிர்காலத்தில் அந்த வேறுபாடு பெரிது, காற்றும் பலமாகிறது. விமானங்கள் பறக்கும் உயரமும் அதேதான்.

அதற்காக 200ஐ அப்படியே வேகத்தோடு கூட்டிவிடாதீர்கள். வழி முழுக்க ஜெட் ஸ்ட்ரீமின் நடுவிலேயே யாரும் போக முடியாது, அது அலை அலையாய் வளையும், உடையும், சில இடங்களில் பக்கவாட்டில் அடிக்கும். பாதை முழுவதற்கும் சராசரி என்று பார்த்தால் கிழக்கு நோக்கி 80 கி.மீ. உதவி, மேற்கு நோக்கி 70 கி.மீ. எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வது பசிபிக் வழிக்கு நியாயமான தொடக்கம். எதிர்ப்பை ஏன் குறைத்துப் போட்டேன் என்றால், மேற்கே போகும் விமானங்கள் அந்தக் காற்றிலிருந்து விலகி வடக்கேயோ தெற்கேயோ வழி தேடிக்கொள்ளும். கிழக்கே போகிறவை அதைத் தேடிப் போய் ஏறிக்கொள்ளும். வட அட்லாண்டிக்கில் இதற்காகவே காற்றைப் பார்த்துத் தினமும் தடங்களைப் புதிதாக வகுக்கிறார்கள், மேற்கே போக ஒரு தொகுதி, கிழக்கே போக ஒரு தொகுதி.

நரீட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ்: 9,030 ÷ 980, சுமார் 9 மணி 13 நிமிடம்.
லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நரீட்டா: 9,030 ÷ 830, சுமார் 10 மணி 53 நிமிடம். ஏறி இறங்கும் இழப்புக்கான 15 நிமிடத்தை அடுத்த படியில் கூட்டுவோம்.

பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம், விமானம் மேலே இருக்கும்போது பூமி கீழே நகர்ந்துவிடுகிறது என்று ஒரு விளக்கம் இன்னும் உலா வருகிறது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, அப்படியெல்லாம் ஒன்றும் நடப்பதில்லை.

"போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டம், ஆக மொத்தம் சமம்" என்பதும் தவறு. 9,000 கி.மீ. தூரம், 900 வேகம், 100 காற்று என்று வைத்துப் பாருங்கள். காற்றில்லாமல் போய்வர 20 மணி. காற்றோடு போக 9 மணி, எதிர்த்து வர 11 மணி 15 நிமிடம், மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் தங்குகிறது, அதனால் நஷ்டம் எப்போதும் லாபத்தை விடக் கூடுதல். ஆகவே போக, வர என இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி நேரம் எந்தத் திசைக்கும் பயன்படாது.

வடக்கு தெற்காகப் போகும் வழிகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு, பூமத்திய ரேகையை ஒட்டிய வழிகளிலும் அப்படித்தான். அங்கே 8ஆம் படியில் 15 நிமிடம் கூட்டும் முன் வந்த எண்ணையே வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

10. தரையில் போகும் நேரம்

வாயிலிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, வரிசையில் நிற்க, இறங்கிய பிறகு வாயிலுக்கு வர என்று இரண்டு முனையும் சேர்த்து 30 நிமிடம். நெரிசல் மிகுந்த பெரிய நிலையங்களுக்கு இன்னும் 10, 15 கூட்டலாம்.

கிழக்கே: 9 மணி 13 + 15 நிமிடம் + 30 நிமிடம் = 9 மணி 58 நிமிடம்.
மேற்கே: 10 மணி 53 + 15 + 30 = 11 மணி 38 நிமிடம்.

இந்த வழியின் கால அட்டவணைகளைத் திறந்து பார்த்தால் பத்து மணியையும் பதினொன்றரை மணியையும் ஒட்டியே எண்கள் இருக்கும்.

11. கடிகாரத்தை இப்போதுதான் தொட வேண்டும்

பலரும் தொடங்குவது இங்கேதான்: டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்ப்பார்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதால் கிடைப்பது பயண நேரம் இல்லை. நரீட்டாவில் 10ஆம் தேதி மாலை 5 மணிக்கு ஏறி, அதே 10ஆம் தேதி காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினால் கழித்தலில் −6 மணி நேரம் வரும்.

ஒரே வழி, எல்லாவற்றையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றுவது. டோக்கியோ யுடிசி +9, அதாவது அதைவிட 9 மணி முன்னே. மாலை 5 மணி என்றால் யுடிசி காலை 8. பத்து மணி நேரம் கூட்டினால் யுடிசி மாலை 6. லாஸ் ஏஞ்சல்ஸ் கோடையில் யுடிசி −7, ஆக அங்கே காலை 11, தேதி 10தான். திரும்பும்போது லாஸ் ஏஞ்சல்ஸில் 10ஆம் தேதி பகல் 12 மணி என்றால் யுடிசி இரவு 7. அதோடு 11 மணி 30 நிமிடம் கூட்டினால் 11ஆம் தேதி யுடிசி காலை 6:30, டோக்கியோவில் 11ஆம் தேதி பிற்பகல் 3:30. தேதிக்கோடு என்று தனியாக எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம், யுடிசி வழியாகப் போனால் தேதி தானாகவே சரியாகிவிடும். யுடிசிக்கு மாற்றிய பிறகும் தேதிக்கோட்டுக்காக ஒரு நாளைக் கூட்டி, ஒரு நாள் பிசகி ஹோட்டல் முன்பதிவு செய்பவர்கள் நிறையப் பேர்.

கோடைகால நேரம் இன்னொரு கண்ணி. அமெரிக்கா மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு மாறுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் உள்ள இரண்டு மூன்று வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான 5 மணி நேரம் இல்லை, 4தான். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவிலும் அதே கதை. லண்டன்–சிட்னி இன்னும் வேடிக்கை, தெற்கு அரைக்கோளத்தில் பருவம் தலைகீழ் என்பதால் ஆண்டின் பகுதியைப் பொறுத்து 9, 10, 11 என்று மூன்று வித்தியாசங்கள் உண்டு. டோக்கியோவில் கோடைகால மாற்றமே கிடையாது, ஆனால் மறுமுனையில் உண்டு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் அந்தந்தத் தேதியில் யுடிசி வித்தியாசம் என்ன என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே இத்தனை மணி என்று மனப்பாடம் செய்ததை நம்ப வேண்டாம். எல்லா ஊரும் முழு மணியில் நிற்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும், இந்தியா +5:30, நேபாளம் +5:45.

12. நேரடி விமானம் இல்லாவிட்டால்

ஒவ்வொரு துண்டுக்கும் 4 முதல் 10 வரை தனித்தனியாகச் செய்யுங்கள். இரண்டு முனைக்கும் இடையிலான பெருவட்டத்தை எடுத்து வகுத்தால் விடை தேறாது, ஏனென்றால் ஏறி இறங்கும் இழப்பும் தரை நேரமும் இரண்டு முறை வரும், மாறும் ஊர் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கைப் புரட்டிப்போடும்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து சிட்னிக்குப் பெருவட்டம் சுமார் 17,020 கி.மீ. சிங்கப்பூரில் மாறினால் இரண்டு துண்டும் சேர்ந்து சுமார் 17,190, அதிகம் 1 சதவீதம்தான். துபாயில் மாறினால் சுமார் 17,550, 3 சதவீதம். லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகப் போனால் சுமார் 20,830, 22 சதவீதம் அதிகம். வரைபடத்தில் பார்த்தால் துபாய் பாதை சிங்கப்பூர் பாதையைவிட நேராகத் தெரியும். கணக்கு வேறு சொல்கிறது, அதனால் கண்ணை நம்பாமல் துண்டுகளைக் கூட்டிப் பாருங்கள்.

இருந்தாலும் இரண்டு மாற்று வழிகளுக்கு இடையே முடிவு செய்யும்போது 1 சதவீதமா 3 சதவீதமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 360 கி.மீ. என்பது 24 நிமிடம். காத்திருப்பு ஒன்றரை மணியா ஏழு மணியா என்பதுதான் தீர்மானிக்கும். காத்திருப்பைக் கணக்கிடும்போது முதல் விமானம் சேரும் நேரமும் அடுத்தது கிளம்பும் நேரமும் ஒரே ஊரின் நேரம் என்பதால் இங்கே மட்டும் நேராகக் கழிக்கலாம்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாற்று நேரம் என்று ஒன்று நிர்ணயித்திருப்பார்கள், ஒரே டிக்கெட்டில் போகிறவர்களுக்கு அதைவிடக் குறைவாக இணைப்பு விற்கமாட்டார்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. பெட்டியை எடுத்து, குடியேற்றப் பரிசோதனை முடித்து, மறுபடி பெட்டியைக் கொடுத்து, பாதுகாப்புச் சோதனை முடித்துப் போக வேண்டிவரலாம். அப்படியிருந்தால் நான் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வைக்கச் சொல்வதில்லை.

13. அட்டவணையோடு ஒப்பிடும்போது

உங்கள் எண்ணும் அட்டவணையும் இருபது நிமிடம் வரை மாறினால் அப்படியே விட்டுவிடுங்கள். தாமதத்துக்கு இடம் கொடுத்து நிறுவனங்கள் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போடுகின்றன. தாமதமாகக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்வதும் இதனால்தான். அதே வழியின் அட்டவணை நேரம் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் வேறாக இருப்பதும் இயல்பு, காற்று அப்படி.

ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறினால் இந்த வரிசையில் தேடுங்கள். விமானம் நடுவில் எங்காவது இறங்கி ஏறுகிறதா? விமான எண் ஒன்றே இருந்தாலும் இடையில் நிறுத்தம் இருக்கலாம், நேரடி விமானம் என்று விற்பது எல்லாம் நிற்காமல் போவதில்லை. இல்லையென்றால் மூடிய வான்வெளியைத் தவிர்க்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் யுடிசி வித்தியாசத்தை அந்தத் தேதிக்கு மறுபடி சரிபாருங்கள், பிழை சரியாக ஒரு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக அதுதான். கடைசியாக, தீர்க்கரேகையின் கழித்தல் குறி.